ஏலியிடம் ஓடி வந்த பிள்ளை



நம் பத்திரிகைக்கு வரும் கடிதங்களில் ஒரு கேள்வி ஓயாமல் வருகிறது. பரீட்சை முடிவுகள் வெளியாகும் மாதங்களில் இன்னும் அதிகமாக வரும். கர்த்தர் என்னை அழைக்கிறாரா, இல்லை இது என் சொந்த ஆசையா, எப்படித் தெரிந்துகொள்வது என்று பிளஸ் டூ முடித்த பிள்ளைகள் கேட்கிறார்கள். கன்வென்ஷன் கூட்டத்தின் கடைசி இரவில் எழுந்து நின்று தன்னை ஒப்புக்கொடுத்தவர், வீட்டுக்கு வந்து நாலு நாளில் அந்த அனல் தணிந்துபோனதே என்று கலங்கி எழுதுகிறார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள், இனிமேல் என்னை எதற்கு அழைக்கப்போகிறார் என்று எழுதுகிறார்கள். ஒவ்வொரு கடிதத்துக்கும் தனித்தனியே பதில் எழுதுவது வழக்கம். இந்த மாதம் இந்தப் பக்கத்தை முழுவதுமாக அந்தக் கேள்விக்கே கொடுக்கிறேன்.

சாமுவேலின் முதலாம் புத்தகம் மூன்றாம் அதிகாரத்தை ஞாயிறு பள்ளியில் கேட்காதவர் நம்மில் குறைவு. சீலோவில் ஆலயம், இன்னும் அணையாத விளக்கு, படுத்திருக்கும் சிறுவன், பேர் சொல்லிக் கூப்பிடும் குரல். சின்னப் பிள்ளைகளுக்கான கதை என்று அதை அங்கேயே விட்டுவிட்டு வளர்ந்துவிடுகிறோம். வளர்ந்தவர்கள்தான் அதை நிதானமாகப் படிக்க வேண்டும்.

சாமுவேல் அப்போது எங்கே இருந்தான் என்று பாருங்கள். அன்னாள் பொருத்தனை பண்ணிப் பெற்ற பிள்ளை. பால் மறந்ததும் ஆலயத்தில் கொண்டுவந்து விடப்பட்டவன். சணல்நூல் ஏபோத்தைக் கட்டிக்கொண்டு பணிவிடை செய்கிறான். உடன்படிக்கைப் பெட்டி இருக்கும் இடத்திலேயே படுத்து உறங்குகிறான். இவ்வளவு இருந்தும் அவன் கர்த்தரை இன்னும் அறியாதிருந்தான் என்று வேதம் ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிடுகிறது. தாயின் பொருத்தனை அவனை ஆலயத்துக்குள் கொண்டுவந்து சேர்த்தது. அதற்குமேல் கர்த்தரே வந்து, அவன் பேரைச் சொல்லி, அவனையே கூப்பிட வேண்டியிருந்தது. பிள்ளை பிறக்கும் முன்னமே ஊழியத்துக்கென்று நேர்ந்துகொண்ட பெற்றோர் நம் சபைகளில் பலர் உண்டு. அன்னாளின் விசுவாசத்தை மதிக்கிற அதே மரியாதையோடு அவர்களுக்கு ஒன்றைச் சொல்கிறேன். நீங்கள் செய்த பொருத்தனை உங்களுடையது. பிள்ளையை அழைப்பது அவருடைய வேலை. அந்த இரவு வரும்வரை பிள்ளைக்குப் பொறுமையாக இடம் கொடுங்கள்.

பல ஆண்டுகளாக ஆலய வேலையில் இருப்பவர்களும் இந்த வசனத்தின் முன் சற்று நிற்க வேண்டியிருக்கிறது. பாடகர் குழுவில் பாடுகிறோம், கமிட்டியில் இருக்கிறோம், ஆராதனைக்கு முன் மணி அடிக்கிறோம், அசனத்துக்கு அடுப்பு மூட்டுகிறோம். எல்லாம் நல்ல பணிவிடைதான். பெட்டிக்குப் பக்கத்தில் படுத்திருப்பவனுக்கும் ஒரு நாள் அந்தக் குரல் புதிதாகத்தான் கேட்கிறது.

இப்போது குரலுக்கு வருவோம். கர்த்தர் கூப்பிட்டபோது சாமுவேல் நேரே முதிய ஆசாரியனான ஏலியிடம் ஓடினான். ஒரு முறை இல்லை, மூன்று முறை. அவன் காதில் விழுந்தது இடிமுழக்கமாக இருந்திருந்தால் ஏலியிடம் ஓடியிருக்க மாட்டான், வெளியே ஓடியிருப்பான். தினமும் கேட்டுப் பழகிய கிழவனாரின் குரல் மாதிரிதான் அது இருந்திருக்க வேண்டும். தண்ணீர் கேட்கிறாரோ, எழுந்திருக்க உதவி வேண்டுமோ என்று நினைத்து எழுந்து ஓடுகிறான். என் மனதைத் தொடுவது இதுதான். தேவ சத்தம் என்று அவனுக்குத் தெரியாது. கண் மங்கிய பெரியவர் ராத்திரியில் கூப்பிடுகிறார் என்றுதான் நினைத்தான். அதற்கே மூன்று முறையும் முகம் சுளிக்காமல் எழுந்து போனான். மனிதர் கூப்பிட்டால் எழுந்து ஓடுகிற பழக்கம் அவனுக்கு ஏற்கெனவே இருந்தது. அந்தக் கால்கள்தான் கடைசியில் கர்த்தருக்கும் உதவின.

கேட்கக் கற்றுக்கொள்வது எங்கே தொடங்குகிறது என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் காட்டுவது இந்த ஓட்டத்தைத்தான். அம்மா கூப்பிட்டால் போனிலிருந்து தலை நிமிராத பிள்ளை, பரலோகத்திலிருந்து கூப்பிட்டால் மட்டும் எழுந்துவிடும் என்று நம்ப எனக்குத் துணிவில்லை. பக்கத்து வீட்டு நோயாளி, தெருமுனையில் நிற்கும் தள்ளாத முதியவர், வேலையிடத்தில் ஒதுக்கப்பட்ட சக ஊழியர், இவர்கள் குரலுக்குப் பழகாத காது தேவனுடைய குரலுக்கும் பழகாது.

ஏலியைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டும். பிரசங்கங்களில் அவருக்கு நல்ல பெயர் கிடைப்பதில்லை. மகன்களான ஓப்னியையும் பினெகாசையும் அடக்காத தகப்பன் என்ற குற்றம் அவர் மேல் நிற்கிறது, அது உண்மையும்கூட. சாமுவேல் இரண்டு முறை ஓடி வந்தபோதும் அவருக்கு விஷயம் பிடிபடவில்லை. நான் கூப்பிடவில்லை, போய்ப் படு என்றார். மூன்றாம் முறைதான் புரிந்தது. அந்நாட்களில் கர்த்தருடைய வசனம் அபூர்வமாயிருந்தது என்று அந்த அதிகாரம் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறது. அபூர்வமான காலத்தில், கண் மங்கி, சொந்த வீட்டில் தோற்றுப்போன ஒரு முதியவர், இன்னொருவரின் பிள்ளைக்குக் கர்த்தருடைய சத்தத்தை அடையாளம் காட்டிக் கொடுத்தார். தன் வீட்டில் சரியாக அமையாததால் மற்றப் பிள்ளைகளுக்குப் புத்தி சொல்லத் தகுதியில்லை என்று ஒதுங்கி நிற்கும் பெரியவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

புரிந்ததும் அவர் செய்ததை இன்னும் உற்றுக் கவனியுங்கள். நீ இங்கேயே என் பக்கத்தில் படுத்துக்கொள், அடுத்த முறை நான் கேட்டு உனக்குச் சொல்கிறேன் என்று ஏலி சொல்லவில்லை. ஆசாரியன் அவர்தான், அப்படிச் சொல்லியிருந்தால் யாரும் தவறாக நினைத்திருக்க மாட்டார்கள். அவரோ பிள்ளைக்குப் பதில் சொல்லும் முறையைக் கற்றுக்கொடுத்து, அவன் இடத்துக்கே திருப்பி அனுப்பினார். கேட்க வேண்டியவன் அவன்தான் என்று விட்டுக்கொடுத்தார். இன்று நாம் வேறு வழியில் போகிறோம். வரன் பார்க்க, வெளிநாடு போக, வீடு வாங்க, படிப்பைத் தேர்ந்தெடுக்க, எல்லாவற்றுக்கும் யாராவது ஒருவர் தலையில் கை வைத்துக் கர்த்தர் சொன்னதாகச் சொல்லிவிட வேண்டும் என்று வரிசையில் நிற்கிறோம். புது வருஷ ஆராதனையில் எடுத்த வாக்குத்தத்த அட்டையை அந்த ஆண்டு முழுவதற்கும் பதிலாக வைத்துக்கொள்கிறோம். வாக்குத்தத்தம் ஆறுதல் தரும், மறுக்கவில்லை. தேவனுடைய ஊழியர்கள் ஜெபிப்பது பலமே. ஆனால் நம் படுக்கைக்குத் திரும்பிப் போய், இருட்டில், நாமே காத்திருந்து கேட்க வேண்டிய நேரத்தை வேறொருவர் நமக்காகக் கழித்துத் தர முடியாது. கேட்டுச் சொல்கிறேன் என்று ஆட்களைத் தன் பக்கத்திலேயே நிறுத்திக்கொள்பவர் ஏலியைவிடத் தாழ்ந்த மேய்ப்பன்.

கதை அங்கே முடிவதில்லை. ஞாயிறு பள்ளியில் அநேகமாக இங்கே நிறுத்திவிடுவோம், ஏனென்றால் அடுத்த பகுதி பிள்ளைகளுக்குச் சொல்லக் கடினமானது. சாமுவேலுக்குக் கிடைத்த முதல் செய்தியே ஏலியின் வீட்டின் மேல் வரப்போகும் நியாயத்தீர்ப்பு. தன்னை வளர்த்தவரைப் பற்றி, தனக்குக் கேட்கக் கற்றுக்கொடுத்தவரைப் பற்றி. பையன் விடியும்வரை படுத்திருந்தான். விடிந்ததும் எழுந்து, எப்போதும்போல ஆலயத்தின் கதவுகளைத் திறந்தான். ஏலியிடம் சொல்லப் பயந்தான். ராத்திரி தேவனிடமிருந்து தரிசனம் பெற்றவன் காலையில் கதவு திறக்கும் வேலையை விட்டுவிடவில்லை என்பது எனக்கு மிகப் பெரிய பாடமாகத் தெரிகிறது. அழைப்பு வந்துவிட்டது என்று மறுநாளே படிப்பை நிறுத்துபவர்கள், வீட்டில் வயதான பெற்றோரை விட்டுப் புறப்படுபவர்கள் இந்தக் கதவுகளை ஒரு தரம் நினைத்துப் பார்க்கலாம்.

ஏலியோ பையனைக் கூப்பிட்டு, ஒன்றையும் மறைக்காமல் சொல்லும்படி வற்புறுத்திக் கேட்டார். கேட்டபின், அவர் கர்த்தர், தம் பார்வைக்கு நலமானதைச் செய்யட்டும் என்று தலைவணங்கினார். பிள்ளைகளுக்கு தேவ சத்தத்தைக் கேட்கக் கற்றுக்கொடுப்பவர், அந்தப் பிள்ளைகள் வழியாகத் தனக்கு எதிராகவும் ஒரு வார்த்தை வரலாம் என்பதற்கு ஆயத்தமாக இருக்க வேண்டும். சபையில் நடக்கும் அநியாயத்தை ஒரு வாலிபன் எழுந்து கேட்டால் வாயை அடைக்கிறோம். அதே வாலிபனைத்தான் முந்தின மாதம் வாலிபர் ஞாயிறில் மேடையேற்றி ஜெபிக்கச் சொன்னோம்.

நம் மண்ணில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்குப் போகாத குடும்பம் நம் வாசகர்களிடையே குறைவு. அதைத் தொடங்கிய ஐடா ஸ்கடர் 1870-ல் ராணிப்பேட்டையில் பிறந்தவர். அவருடைய தாத்தா ஜான் ஸ்கடர் 1819-ல் அமெரிக்காவிலிருந்து கப்பலேறி வந்து யாழ்ப்பாணத்தில் மருத்துவ ஊழியம் தொடங்கியவர். தகப்பனாரும் மருத்துவ மிஷனரி. அந்தக் குடும்பத்தில் ஊழியத்துக்கு வந்தவர்கள் பலர். ஐடாவுக்கு மட்டும் அதில் மனமில்லை. சின்ன வயதில் பஞ்சத்தின் கொடுமையைக் கண்ணால் பார்த்தவர். அமெரிக்காவில் படித்து, அங்கேயே வாழ்க்கையை அமைத்துக்கொள்ள நினைத்தார். தாயாருக்கு உடல்நிலை சரியில்லை என்பதால்தான் திண்டிவனத்துக்கு வந்தார். அதுவும் கொஞ்ச காலத்துக்கு.

அங்கே ஓர் இரவில் மூன்று பேர் ஒருவர்பின் ஒருவராக வந்து கதவைத் தட்டினார்கள். ஒருவர் பிராமணர், ஒருவர் முஸ்லிம், மற்றொருவர் வேறு சாதி இந்து. மூவருடைய மனைவியும் பிரசவ வேதனையில் இருந்தார்கள். மூவரும் ஐடாவைத்தான் வரச் சொன்னார்கள். நான் மருத்துவர் இல்லை, என் அப்பா வருவார் என்றார் ஐடா. ஆண் மருத்துவரை வீட்டுக்குள் அனுமதிக்க முடியாது என்று மூவரும் திரும்பிப் போனார்கள். விடிந்தபோது மூன்று பெண்களும் இறந்துபோயிருந்தார்கள். மருத்துவம் படிக்கப் போகிறேன் என்று ஐடா பெற்றோரிடம் சொன்னார்.

இந்தச் சம்பவத்தைப் பிரசங்கங்களில் சொல்லும்போது, ஐடாவை அழைக்கக் கர்த்தர் மூன்று உயிர்களை எடுத்துக்கொண்டார் என்ற தொனி சில நேரம் வந்துவிடுகிறது. அதை என்னால் ஏற்க முடியாது. அந்த மூன்று பெண்களும் அவருடைய பிள்ளைகள். அவர்கள் இறந்ததற்குக் காரணம் பெண் மருத்துவர் இல்லாதது, பெண்ணை ஆண் மருத்துவர் தொடக் கூடாது என்ற வழக்கம். கர்த்தர் அந்த இரவில் செய்தது, அந்தச் சாவுகளை ஒரு இளம் பெண் கண்டும் காணாததுபோல் இருந்துவிட முடியாதபடி அவள் உள்ளத்தைத் திறந்ததுதான். கதவைத் தட்டியவர்கள் ஊழியத்துக்கு வா என்று கூப்பிட வந்தவர்கள் இல்லை. பயந்துபோன மூன்று கணவன்மார். சாமுவேலுக்கு ஏலியின் குரலாகக் கேட்டது, ஐடாவுக்கு அவர்களுடைய குரலாகக் கேட்டது.

அந்த இரவுக்கும் வேலூர் மருத்துவமனைக்கும் இடையில் இருந்த ஆண்டுகளை நாம் தாண்டிவிடுகிறோம். அமெரிக்காவுக்குத் திரும்பி, மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, 1899-ல் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்று, 1900-ல் இந்தியா வந்தார். வந்த சில மாதங்களில், கூடவே இருந்து வேலை பழக்குவார் என்று நம்பியிருந்த தகப்பனார் இறந்துபோனார். வேலூரில் ஒரே ஒரு கட்டிலோடுதான் மருத்துவம் பார்க்கத் தொடங்கினார். 1902-ல் 40 படுக்கைகளுடன் மருத்துவமனை எழுந்தது. 1909-ல் செவிலியர் பயிற்சி. 1918-ல்தான் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி. அந்த ஆண்டு அவருக்கு வயது 47. அழைப்பைக் கேட்டது ஒரே ராத்திரியில். அதற்குப் பதில் சொல்லி முடிக்க 1960-ல் கொடைக்கானலில் கண்மூடும்வரை ஒரு ஆயுள் தேவைப்பட்டது. கன்வென்ஷன் முடிந்து அனல் தணிந்துவிட்டதே என்று எழுதிய சகோதரருக்கு என் பதில் இதுவே: உடற்கூறு பாடத்தையும் மருந்தியல் பாடத்தையும் மனப்பாடம் செய்த ராத்திரிகளில் ஐடாவுக்கும் எந்த அனலும் இருந்திருக்காது. பாடம் இருந்தது, படித்தார். உங்கள் முன் இருக்கும் பாடம் எது என்று பாருங்கள்.

திருநெல்வேலிச் சபையாருக்கு நெருக்கமான இன்னொரு வாழ்க்கையும் உண்டு. வேதநாயகம் சாமுவேல் அசரியா 1874-ல் வெள்ளாளன்விளையில் ஒரு கிராம குருவானவரின் மகனாகப் பிறந்தார். சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் படித்து, ஒய்.எம்.சி.ஏ. செயலாளராக ஊர் ஊராகச் சுற்றினார். 1902-ல் யாழ்ப்பாணம் போனபோது, அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர்கள் தாங்களே பணம் திரட்டி, தங்கள் ஆட்களையே ஊழியத்துக்கு அனுப்புவதைக் கண்டார். அவர்களைவிட எத்தனையோ மடங்கு பெரிய திருநெல்வேலித் திருச்சபை அப்படி ஒருவரையும் அனுப்பவில்லையே என்ற பாரம் அவரை அழுத்தியது. ஊருக்குத் திரும்பி நண்பர்களைக் கூட்டினார். 1903-ல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் பிறந்தது. பணம் இந்தியருடையது, ஆட்கள் இந்தியர், நிர்வாகமும் இந்தியருடையது என்று உறுதி எடுத்தார்கள். நிஜாம் சமஸ்தானத்தில் தோர்ணக்கல் பகுதியைத் தேர்ந்தெடுத்தார்கள். மொழி தெலுங்கு, தமிழருக்கு அந்நிய நாடு மாதிரிதான்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு முக்கியம். அசரியா சங்கத்தின் செயலாளர். போங்கள், உங்களை ஒப்புக்கொடுங்கள் என்று சபை சபையாகப் பேசினார். அப்படி மற்றவர்களை அழைத்துக்கொண்டிருந்தவருக்கு, நீ ஏன் போகவில்லை என்ற கேள்வி உள்ளே எழுந்தது. அவருக்கு அப்போது மனைவி மக்கள் உண்டு. நாடு முழுக்க அறியப்பட்ட தலைவர். மேடைகள் காத்திருந்தன. 1909-ல் குருப்பட்டம் பெற்று தோர்ணக்கலுக்கே போனார். ஆரம்பத்தில் கூடாரத்தில் தங்கினார். முப்பது வயதைத் தாண்டியபின் தெலுங்கு கற்றார். 1912-ல் ஆங்கிலிக்கத் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயராக அபிஷேகம் பெற்றபோதும் அதே தோர்ணக்கலில்தான் இருந்தார். 1945 ஜனவரி முதல் நாள் இறக்கும்வரை அங்கேதான். தன் வாயாலேயே வந்த அழைப்பைத் தன் காதால் கேட்ட மனிதர் அவர். பிரசங்கம் செய்பவர்களுக்கும், என்னைப்போல் எழுதுகிறவர்களுக்கும், இது நேராக வந்து நிற்கும் கேள்வி.

அசரியா தனியே கிளம்பிவிடவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சங்கம் இருந்தது, நண்பர்கள் இருந்தார்கள், அனுப்பிய சபை இருந்தது. அப்போஸ்தலர் நடபடிகள் 13-ஆம் அதிகாரத்திலும் அப்படியே. அந்தியோகியாவில் சபையார் கூடி உபவாசித்து ஆராதித்துக்கொண்டிருந்தபோதுதான் பர்னபாவையும் சவுலையும் பிரித்துவிடும்படி ஆவியானவர் சொன்னார். அழைப்பு அந்த இரண்டு பேருடையது. அதைக் கேட்டது சபை. கைகளை வைத்து அனுப்பியதும் சபை. ஆகவே, கர்த்தர் என்னிடம் மட்டும் பேசினார், எவரும் என்னைக் கேள்வி கேட்கக் கூடாது என்று சொல்பவரிடம் நான் எச்சரிக்கையாக இருப்பேன். கர்த்தர் சொன்னார் என்று சொல்லிப் பெண் கேட்பது, கர்த்தர் சொன்னார் என்று சொல்லிக் காணிக்கை வாங்குவது, கர்த்தர் சொன்னார் என்று சொல்லிச் சபையைப் பிளப்பது, இவையெல்லாம் அவர் நாமத்தை வீணாக வழங்குவதுதான். உண்மையான அழைப்பு விசாரணைக்குப் பயப்படாது. வேதத்துக்கு முன்னால் நிற்கும். நம்மை நன்கு அறிந்தவர்களின் கேள்விகளுக்கு நிற்கும். ஆறு மாதம் காத்திருக்கச் சொன்னாலும் கரைந்துபோகாது.

காத்திருப்பு என்றதும் பவுல் நினைவுக்கு வருகிறார். நடபடிகள் 16-இல் ஆசியாவில் வசனம் சொல்ல வேண்டாம் என்று தடை. பித்தினியாவுக்குப் போகப் பார்த்தால் அங்கும் தடை. துரோவா பட்டணம்வரை வந்து கடற்கரையில் நிற்கிறார்கள். அதன்பிறகுதான் இரவில் மக்கெதோனியனின் தரிசனம். அடைபட்ட கதவுகளையும் ஆவியானவரின் வழிநடத்துதல் என்றே லூக்கா எழுதுகிறார். நீட் தேர்வில் மதிப்பெண் குறைந்த பிள்ளைக்கும், இறையியல் கல்லூரியில் இடம் கிடைக்காத வாலிபனுக்கும் துரோவா ஒரு நல்ல ஊர். தரிசனத்தில் நின்றவன் ஓர் ஆண். அங்கிருந்து பிலிப்பிக்குப் போனபோது, முதலில் இருதயம் திறக்கப்பட்டது ஆற்றங்கரையில் இருந்த லீதியாள் என்ற பெண்ணுக்கு. நாம் எதிர்பார்க்கும் வடிவத்திலேயே எல்லாம் நடந்துவிடாது.

எல்லாரும் அசரியாவைப்போல் போக வேண்டுமா என்று கேட்பீர்கள். வேண்டியதில்லை. யாத்திராகமம் 31-இல் கர்த்தர் பேர் சொல்லி அழைத்தது பெசலெயேல் என்ற கைத்தொழிலாளியை. பொன்னிலும் வெள்ளியிலும் மரத்திலும் வேலை செய்யும்படி தேவ ஆவியால் அவனை நிரப்பினார். பிரசங்கம் பண்ணச் சொல்லவில்லை. தமஸ்குவில் நேர்த்தெருவுக்குப் போ என்று அனனியாவை அனுப்பினார். அவன் பயந்தான், மறுப்புச் சொன்னான், பிறகு போனான். தன்னைப் போன்றவர்களைப் பிடித்துக் கட்டிக்கொண்டு போக வந்த சவுலைச் சகோதரன் என்று அழைத்துக் கை வைத்தான். அதன்பின் அவனைப் பற்றி வேதத்தில், பவுல் தன் சாட்சியில் நன்றியோடு நினைவுகூர்வதைத் தவிர, வேறு செய்தியே இல்லை. ஒரு தெரு, ஒரு வீடு, ஒரு மனிதன். அவ்வளவுதான் அவன் பெற்ற அழைப்பு. வார்டில் இரவுப் பணி பார்க்கும் செவிலியர், அரசுப் பள்ளியில் கடைசி பெஞ்சுப் பிள்ளைக்கு எழுத்துக் கூட்டக் கற்றுக்கொடுக்கும் ஆசிரியை, வாடிக்கையாளரை ஏமாற்ற மறுக்கும் கடைக்காரர், இவர்கள் முழுநேர ஊழியத்தில் இல்லை என்று நான் சொல்லத் துணிய மாட்டேன்.

ஓய்வு பெற்ற வாசகர்களுக்கு ஒருவரைக் காட்டுகிறேன். எவலின் பிராண்ட் லண்டனில் பிறந்தவர். கணவர் ஜெஸ்ஸியோடு கொல்லிமலையில் ஊழியம் செய்தார். 1929-ல் கணவர் காய்ச்சலில் இறந்தார். தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்து உலகப் புகழ் பெற்ற டாக்டர் பால் பிராண்ட் இவர்களுடைய மகன். எவலின் அம்மாவுக்கு வயதானதும் மிஷன் ஓய்வு கொடுத்தது. அவர் ஊருக்குக் கப்பலேறவில்லை. மிஷனிலிருந்து விலகிக்கொண்டு, சொந்தப் பொறுப்பில் மலைக்கே திரும்பினார். குதிரையில் ஏறிக் கிராமம் கிராமமாகப் போனார். கொல்லிமலையோடு நிற்காமல் பச்சைமலை, கல்வராயன்மலை என்று அடுத்தடுத்த மலைகளுக்கும் போய் மருந்து கொடுத்தார், சுவிசேஷம் சொன்னார், பிள்ளைகளை வளர்த்தார். 1974-ல், 95 வயதில் இறந்தார். ஊழியத்தின் கணிசமான பகுதி பென்ஷன் வயதுக்குப் பிறகு நடந்தது. இனிமேல் என்னை எதற்கு அழைக்கப்போகிறார் என்று எழுதிய ஐயா, இந்தப் பத்தியைத் தயவுசெய்து இன்னொரு முறை படியுங்கள்.

கேட்பதற்கு நேரம் வேண்டும். நம் ஜெபம் பெரும்பாலும் நாம் பேசுவது. குடும்ப ஜெபத்தில் பாட்டு, வேத வாசிப்பு, ஆளுக்கொரு ஜெபம், ஆமென், உடனே சாப்பாடு. வாசித்த பகுதிக்குப் பிறகு சற்று நேரம் ஒருவரும் பேசாமல் இருந்து பாருங்கள். ஓரேப் மலையில் எலியா பெருங்காற்றையும் பூமியதிர்ச்சியையும் அக்கினியையும் கடந்து, அமர்ந்த மெல்லிய சத்தத்துக்குத்தான் முகத்தை மூடிக்கொண்டு வெளியே வந்தார். அங்கே அவருக்குக் கிடைத்தது பரவசம் இல்லை, ஒரு கேள்வி. இங்கே உனக்கு என்ன வேலை என்ற கேள்வி. பிறகு வந்த வழியே திரும்பிப் போய்ச் செய்ய வேண்டிய வேலைகள், அவற்றில் ஒன்று ஏர் உழுதுகொண்டிருந்த எலிசாவைத் தேடிப் போவது. அமைதியில் கேட்டவனுக்கு அடுத்த தலைமுறையைத் தேடும் பொறுப்பு வந்து சேர்கிறது.

ஆகவே, போதகர்களுக்கும் சபை மூப்பர்களுக்கும் ஞாயிறு பள்ளி ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். உங்களிடம் ஒரு பிள்ளை அகாலத்தில் வந்து நிற்கும். கேட்க வந்ததைச் சரியாகச் சொல்லத் தெரியாது. நீங்கள் களைத்திருப்பீர்கள். முதல் முறை போய்ப் படு என்று அனுப்பிவிடலாம்; ஏலியும் அதைத்தான் செய்தார். மூன்றாம் முறை வரும்போதாவது எழுந்து உட்காருங்கள். அந்தப் பிள்ளை சொல்வதை முடியும்வரை கேளுங்கள். சீக்கிரம் பதில் கொடுத்து அனுப்பிவிடாதீர்கள். நல்ல சம்பளம், நல்ல வரன் என்ற கணக்கையும் முன்னால் வைக்காதீர்கள். கர்த்தரிடமே பேசும்படி அதன் அறைக்குத் திருப்பி அனுப்புங்கள், அனுப்பிவிட்டு நீங்கள் விழித்திருங்கள். காலையில் நீங்களே போய், என்ன கேட்டாய் என்று விசாரியுங்கள்.

வாலிபப் பிள்ளைகளே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. ஏலி உங்களுக்கு வேண்டும். உங்கள் கைபேசியில் பேசும் பிரசங்கியார் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் உங்கள் பேர் அவருக்குத் தெரியாது. நீங்கள் வீட்டில் எப்படி இருக்கிறீர்கள், கோபம் வந்தால் என்ன பேசுகிறீர்கள் என்று அறிந்த ஒருவர், உங்கள் சபையிலோ தெருவிலோ, குறைகளோடு, கண் மங்கி, இருப்பார். அவரிடம் போங்கள். அவர் முதல் இரண்டு முறை புரிந்துகொள்ளாவிட்டாலும் போங்கள்.

இந்த மாதம் ஒரு நாள் குடும்ப ஜெபத்தில் 1 சாமுவேல் மூன்றாம் அதிகாரத்தை, பாதியில் நிறுத்தாமல், இருபத்தோராம் வசனம்வரை வாசியுங்கள். வீட்டில் இருப்பதில் சின்னப் பிள்ளை வாசிக்கட்டும், பெரியவர்கள் கேளுங்கள். முடிந்ததும் அவரவர் நெஞ்சில் தங்கியது எது என்று ஒருவருக்கொருவர் சொல்லுங்கள். பெயர் வெளியிட வேண்டாம் என்று நினைத்தால் அதையும் குறிப்பிட்டு எங்களுக்கு எழுதுங்கள். வரும் ஒவ்வொரு கடிதத்தையும் நான் படிப்பேன், உங்களுக்காகப் பேர் சொல்லி ஜெபிப்பேன்.

கிறிஸ்துவின் பணியில்,
ஆசிரியர்